மரகதத்தின் அளவு

நெடுந்தறிப்பாளையத்துக்காரர் தலையாட்டினார் என்று நம்பி எந்தக் காரியத்திலும் இறங்கிவிடக் கூடாது. சுற்றுவட்டாரத்தில் இது எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. அந்த ஊரில் வீட்டுக்கு நாலு விசைத்தறி, தறி இல்லாத வீட்டுக்கு இரண்டு பக்கமும் தறி, பிறந்த பிள்ளை காதில் முதலில் விழுவது தறிச் சத்தம், அப்புறம்தான் தாயின் குரல். ஒருவர் பேசினால் மற்றவருக்குக் கேட்பது பாதி, மீதியை வாயசைவிலும் கையசைவிலும் பிடித்துக்கொள்வார்கள், அதிலும் பிடிபடாவிட்டால் ஒரு தடவை "ஆங்?" என்பார்கள், அதற்கு மேலும் கேட்காவிட்டால் மரியாதைக்குத் தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுவார்கள், ஏனென்றால் திரும்பத் திரும்பக் கேட்பது சொல்கிறவரை நோகடிப்பது என்று அந்த ஊரில் ஓர் எண்ணம். உள்ளூர்க்காரர்களுக்குள் இதில் ஒரு வில்லங்கமும் வந்ததில்லை. தலையாட்டினால் கேட்கவில்லை என்பது பேசியவருக்கே தெரியும், முக்கியமான விஷயமென்றால் தறியை நிறுத்திவிட்டுச் சொல்வார். வெளியூரிலிருந்து வாக்கப்பட்டு வந்த பெண்கள்தான் தலையாட்டலைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு ஏமாந்தார்கள்.

மரகதம் அப்படி வந்தவள். அவளுடைய ஊர் நெல்லிக்கொம்பை, மலைமேல் பஸ் போய்த் திரும்புகிற கடைசி நிறுத்தம், எதிர் மேட்டில் ஒருவர் தும்மினால் இந்த மேட்டில் இருப்பவர் யார் தும்மினார் என்று சொல்லிவிடுகிற அளவுக்கு அமைதியான இடம். அங்கே யாரும் குரலை உயர்த்தத் தேவையே இல்லை. அவளைக் கட்டிக்கொண்டு வந்த சென்னியப்பனோ பேருந்து நிலையத்துக்கு எதிரே பாட்டுக் கடை வைத்திருந்தவர், முதலில் கேசட், பிறகு சிடி, இப்போது மெமரி கார்டிலும் பென் டிரைவிலும் பாட்டு ஏற்றிக் கொடுப்பது. பகலெல்லாம் கடையில் இரண்டு பெட்டி அலறும், வீட்டுக்கு வந்தால் இரண்டு பக்கமும் தறி அலறும், நடுவில் மரகதம் தன் மலைக் குரலில் ஏதாவது சொல்லுவாள், சென்னியப்பன் தலையாட்டுவார். பிள்ளைகள் இல்லாத வீட்டில் இருபத்தைந்து வருடக் குடித்தனம் இப்படியே ஓடியது. கெட்ட மனிதர் என்று அவரைச் சொல்ல முடியாது. கெட்ட மனிதராக இருந்திருந்தால் அவள் என்ன சொல்கிறாள் என்று கேட்டுவிட்டுத்தான் முடியாது என்றிருப்பார்.

மூன்று வருடத்துக்கு முந்தைய மாரியம்மன் நோம்பித் திருவிழாவில், தன் தொகுப்பில் சேர்ப்பதற்காகக் கோயில் மேளத்தைப் போனில் பதிவு செய்யலாம் என்று அவர் ஜெனரேட்டர் பக்கத்தில் நின்று சோதித்துக்கொண்டிருந்தபோது, மரகதம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என்னவோ சொன்னாள். அவர் தலையாட்டினார். அவள் முகம் தெளிந்து போனது அவருக்கு நினைவிருக்கிறது. மறுநாள் காலை அவர் கடை திறக்கப் போய்த் திரும்பி வந்தால் வீட்டில் அவள் இல்லை, அவளுடைய துணிப்பையும் இல்லை. சொல்லாமல் கொள்ளாமல் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள் என்று அவருக்குக் கோபம், போனவளுக்கு வரத் தெரியாதா என்று வீராப்பு. அவள் இரண்டொரு தடவை போன் செய்தாள், கடையில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, அவர் "ஆங், செரி, செரி" என்று வைத்துவிட்டார். ஐப்பசி மழையில் காய்ச்சல் கண்டு அவள் அங்கேயே இறந்துபோனாள். சாவு வீட்டில் பறைச் சத்தத்துக்கு நடுவே அவளுடைய அண்ணி இவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதபடி ஏதோ சொன்னாள், இவர் அதற்கும் தலையாட்டிவிட்டு வந்து சேர்ந்தார்.

அதற்கப்புறம் அவருக்கு மிஞ்சியது போனில் இருந்த அந்தப் பதிவுதான். ஜெனரேட்டர் இரைச்சலுக்கு அடியில் அவள் குரல் இருப்பது தெரியும், என்ன சொல்கிறாள் என்று தெரியாது. கம்ப்யூட்டரில் போட்டு இரைச்சலை வடிகட்டிப் பார்த்தார், இரைச்சல் போகும்போதெல்லாம் அவளும் சேர்ந்து போனாள். உன்னோடு இருக்க முடியாது, நான் போகிறேன் என்று அவள் சொல்லி, அதற்குத்தான் தலையை ஆட்டிவைத்தோமோ என்கிற பயம் அவரைச் சோறு தின்னும்போதும் விடவில்லை. அதைத் தெரிந்துகொள்ளாமல் சாகக் கூடாது என்று நினைப்பார், தெரிந்துகொண்டால் அப்புறம் எப்படி உயிரோடு இருப்பது என்றும் நினைப்பார்.

இப்படி இருக்கையில் ஒருநாள் சாயங்காலம் மலைக்கு மினி பஸ் ஓட்டுகிற வையாபுரி கடைக்கு வந்து பென் டிரைவை மேசையில் வைத்துவிட்டுக் கத்தினான். "ஏனுங்ணா, இதுல ஒரு பாட்டு மொனங்குது, அடுத்த பாட்டு செவுட்டுல அறையுது. மலை வளைவுல நான் ஸ்டீரிங்கப் புடிக்கறதா, வால்யூமத் திருகறதா?"

நியாயமான கேள்விதான். பலப்பல வருடங்களில் பலப்பல இடங்களிலிருந்து சேர்த்த பாட்டுகள், ஒன்று மேட்டில் நிற்கும், ஒன்று பள்ளத்தில் கிடக்கும். அத்தனையையும் ஒரேயடியாகச் சமன் செய்துவிடலாம் என்று சென்னியப்பன் உட்கார்ந்தார். அதற்கென்று ஒரு புரோகிராம் உண்டு: ஒரு பாட்டை அளவுப் பாட்டாக வைத்தால், அதைவிடச் சத்தமானவை இறங்கும், அதைவிட மெல்லியவை ஏறும், எல்லாம் ஒரே மட்டத்துக்கு வந்து நிற்கும். வரிசையில் முதலில் நிற்பதைத்தான் அது அளவாக எடுத்துக்கொள்ளும் என்பதால் அவர் எப்போதும் ஒரு பழைய பக்திப் பாட்டை முதலில் நிறுத்தி வைத்திருப்பார். ஆனால் போன் பழசாகிவிட்டதென்று அதற்கு முந்தைய நாள்தான் அதிலிருந்த எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் கொட்டியிருந்தார், போன் தன் பதிவுகளுக்குத் தேதியையே பெயராக வைக்கும், எண்ணில் தொடங்குகிற பெயர் எழுத்தில் தொடங்குகிற பெயருக்கு முன்னால் போய் நின்றுகொள்ளும். இதை அவர் கவனிக்கவில்லை. எல்லாவற்றையும் தேர்வு செய்து பொத்தானைத் தட்டிவிட்டு, தனக்கும் வையாபுரிக்கும் டீ சொன்னார்.

திரையில் பச்சைக் கோடு ஊர்ந்து ஊர்ந்து ஓரத்தைத் தொட்டபோது, ஊர்ச் சத்தம் இறங்கியது.

தறி ஒன்றும் நிற்கவில்லை. நூலை இழுத்துக்கொண்டு நாடா இங்குமங்கும் ஓடியது, துணி வந்துகொண்டே இருந்தது, பஸ் ஹாரன் அடித்தது, கோயில் மணி ஆடியது, பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள், கசாப்புக் கடையில் ஆடு கத்தியது, ஆனால் எல்லாம் ஒரே அளவில், ஒரு பெண் சமையல்கட்டில் இருந்துகொண்டு மெதுவாகப் பேசுகிற அளவில் கேட்டன. இறங்கியவை இறங்க, அடியில் கிடந்தவை ஏறின. பூக்காரியின் கூடையில் மொட்டு விரிவதும், டீக்கடை மேசையில் எறும்பு சர்க்கரையை இழுப்பதும், தறியில் நீட்டிக் கட்டிய பாவிலிருந்து ஒரு நூல் அறுவதும் லாரி போகிற அதே அளவில் கேட்டன. ஐந்தாறு அடி தள்ளிப் போனால் எதுவும் கேட்கவில்லை. வையாபுரி எச்சிலை விழுங்கிப் பார்த்தான், காதைக் குடைந்து பார்த்தான், பிறகு டீயைக் குடித்துவிட்டு டிரிப்புக்கு நேரமாகிவிட்டதென்று போனான்.

முதலில் எல்லாரும் கரண்டு குறைவாக வருகிறதென்று மின்வாரியத்துக்குப் போன் செய்தார்கள். பிறகு கத்திப் பார்த்தார்கள், கழுத்து நரம்பு புடைத்ததே தவிர வாயிலிருந்து வந்தது அந்தச் சின்னக் குரல்தான், அதனால் கத்துவதை விட்டார்கள். பேச வேண்டுமென்றால் கிட்டே போக வேண்டியிருந்தது, கிட்டே போனவர்களை உட்காரச் சொல்ல வேண்டியிருந்தது, உட்கார்ந்தவர்களுக்கு ஒரு வாய் காப்பி கொடுக்க வேண்டியிருந்தது, ஊரில் பால் விற்பனை கூடியது. இரகசியம் பேசுகிறவர்கள்தான் திண்டாடிப் போனார்கள், குசுகுசுவென்று சொன்னாலும் அதே அளவுதான், யாரைப் பற்றிச் சொல்கிறார்களோ அவரே பக்கத்து மேசையிலிருந்து "அப்புடியுங்களா?" என்று கேட்டார். மாமியார்களின் அதட்டல் தாலாட்டுப் போல வந்தது. தறிக்கூடத்து ஓரத்தில் தூளியில் கிடந்த பிள்ளைகள் பிறந்ததிலிருந்து முதல்முறையாக அடித்துப் போட்டதுபோல் தூங்கின. பக்கத்து ஊரிலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள், எவ்வளவு பதவிசான ஜனங்கள் என்று மெச்சி அன்றே பூ வைத்துவிட்டுப் போனார்கள். ஒரு வாரம் போனதும், இது ஏன் வந்தது என்று கேட்பதை நிறுத்திவிட்டு, மழை பெய்தால் குடை எடுப்பதுபோல ஆளுக்கொரு முக்காலியைத் தூக்கிக்கொண்டு நடக்கத் தொடங்கினார்கள்.

அது யாருடைய அளவு என்று தெரிந்தவர் ஊரிலேயே சென்னியப்பன் ஒருவர்தான். சத்தம் இறங்கிய அன்றே, முதுகுக்குப் பின்னால் ஒரு பெண் சார்ஜர் இருக்கிறதா என்று கேட்டபோது, "இரு மரகதம், வாறேன்" என்று திரும்பிப் பார்த்தார். அது வேறு யாரோ. கம்ப்யூட்டரைப் பார்த்தார், வரிசையில் முதலாவதாக நோம்பி நாளின் அந்தத் தேதி நின்றிருந்தது, அதிலிருந்த ஜெனரேட்டரை விட்டுவிட்டு அவள் குரலைத்தான் புரோகிராம் அளவாக எடுத்திருந்தது. அதற்குப் பிறகு கடையை விட்டு வெளியே வருவதே அவருக்குப் பெரும்பாடாகிவிட்டது. டீ மாஸ்டர் அவள் அளவில் பேசினார், பஸ் அவள் அளவில் உறுமியது, நாய்கள் அவள் அளவில் குரைத்தன. ஊரே அவள் அளவில் பேசியது, அவள் மட்டும் பேசவில்லை. இருபத்தைந்து வருடம் இந்த அளவில்தானே பேசினாள், இது நன்றாகத்தானே கேட்கிறது என்று நினைத்துக்கொண்டு ஒருநாள் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் அழுதார். கண்ணீர் சோற்றில் விழுகிற சத்தமும் அதே அளவில்தான் கேட்டது.

ஒவ்வொரு சத்தமும் தனித்தனியாகச் சமனாகியிருக்கிற இந்த ஊரில் அந்தப் பதிவைப் போட்டால் அவள் சொன்னது கேட்கும் என்று அவருக்குத் தெரியும். ஜெனரேட்டர் ஒரு பக்கம் நிற்கும், அவள் ஒரு பக்கம் நிற்பாள். அவர் போடவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினார்.

அதற்குள் சரசுவுக்கு அப்படி ஆகிவிட்டது. அர்த்தநாரி என்கிற முதலாளியின் தறிக்கூடத்தில் வேலை செய்கிற பெண் அவள். முந்தானை பெல்ட்டில் மாட்டிக் கழுத்தை இறுக்கியது, அவள் அலறினாள், பத்தடி தள்ளி முதுகைக் காட்டிக்கொண்டு நின்ற அடுத்த தறிக்காரிக்குக் கேட்கவில்லை. அந்த நேரம் பார்த்து மின்சாரம் நின்றதால் பிழைத்தாள். கழுத்தில் சிவந்த தழும்போடு அவள் கோயில் முற்றத்தில் நடந்த கூட்டத்துக்கு வந்தாள். பத்துப் பத்துப் பேராக வட்டம் போட்டு உட்கார்ந்து, ஒரு வட்டம் பேசியதை அடுத்த வட்டத்துக்குச் சொல்லிச் சொல்லித்தான் கூட்டமே நடந்தது.

"எனக்கு என்ற கொழந்த தூங்கறது புடிச்சிருக்குதுங்க," என்றாள் சரசு. "ஆனா கத்துனா நாலு பேருக்குக் கேக்கோணுமுங்க."

அப்போதுதான் வையாபுரி, அன்றைக்குச் சென்னியப்பண்ணன் கம்ப்யூட்டரில் பச்சைக் கோடு முடியவும் ஊர் அடங்கவும் சரியாக இருந்தது என்று சொன்னான். சொன்னது வட்டம் வட்டமாகப் போய்ச் சேர, எல்லாத் தலையும் அவர் பக்கம் திரும்பியது. யாரும் கோபப்படவில்லை. அளவை மாற்றி வைக்க முடியுமென்றால் யாருடைய அளவில் வைப்பது என்பதில்தான் சண்டை வந்தது. அர்த்தநாரி தன் குரல்தான் ஊருக்குப் பொருத்தம் என்றார், பூசாரி கோயில் மணி என்றார், ஒரு வட்டம் முழுக்கக் குழந்தைகளின் அளவு என்றது, சண்டையாவது உரக்க வந்ததா என்றால் அதுவும் இல்லை.

"வேற அளவெல்லாம் வேண்டாமுங்க," என்றார் சென்னியப்பன். "எந்தப் பாட்டு எவ்வளவு ஏறுச்சு, எவ்வளவு எறங்குச்சுன்னு புரோகிராமுக்குத் தெரியும். பழையபடி திருப்பிப் போட்டரலாம்."

"எப்பப் போடறீங்க?"

"வெள்ளிக்கெழம வரைக்கும் பொறுத்துக்கங்க."

அதற்குள் அந்தப் பதிவைக் கேட்டுவிட அவர் தனக்கே வைத்துக்கொண்ட கெடு அது, எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை நல்ல நாள்தானே என்று ஒத்துக்கொண்டார்கள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் சென்னியப்பன் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கினார். குடிக்கத் தண்ணீர் எடுத்து வைத்துக்கொண்டார், சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார், யாரோ வீட்டுக்கு வரப்போவதுபோல நாற்காலியைத் துடைத்தார். பிறகு அந்தத் தேதியைத் தட்டினார். ஜெனரேட்டர் தன் பாட்டுக்கு ஒரு ஓரமாக ஓடியது. அதற்குப் பக்கத்தில், மூன்று வருடமாக அவர் கேட்காத குரல், இருபத்தைந்து வருடமாகவும் அவர் கேட்காத குரல், மூச்சு வாங்கிக்கொண்டு பேசியது.

"ஏனுங்க, இந்தச் சத்தம் என்னால முடியறதில்லீங்க, காதுக்குள்ள எந்நேரமும் கொய்யின்னு கத்துது. அண்ணன் ஊட்டுல சித்த நாள் இருந்துட்டு வரட்டுங்களா? ஒரு வெள்ளிக்கெழம கடைசி வண்டிக்கு வந்து கூட்டிக்கிட்டு வந்துருங்க. எந்த வெள்ளிக்கெழமன்னாலும் செரி. நீங்க வராம நான் தனியா வரமாட்டேனுங்க. வருவீங்கல்ல?"

அதன்பிறகு கொஞ்ச நேரம் ஜெனரேட்டர் மட்டும். அந்த இடத்தில்தான் அவர் தலையாட்டியிருக்கிறார்.

"செரிங்க," என்றாள் மரகதம். அவள் சிரித்துக்கொண்டே சொன்னது குரலிலேயே தெரிந்தது. "அப்ப நான் நிம்மதியாப் போறேன்."

அவர் திரும்பத் திரும்பக் கேட்டார். எத்தனை தடவை கேட்டாலும் அவள் போய்வருகிறேன் என்றுதான் சொன்னாள், ஒரு தடவைகூட விட்டுவிட்டுப் போகிறேன் என்று சொல்லவில்லை. தன்னை வெறுத்திருந்தால்கூட இதைவிடத் தாங்கியிருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது. இப்படியே ஷட்டரை இறக்கிக்கொண்டு, ஊர் எக்கேடு கெட்டும் போகட்டும், இந்தக் குரலைக் கேட்டுக்கொண்டே கிடந்தால் என்ன என்று நினைத்தார், நெஞ்சறிய நினைத்தார். ஷட்டருக்கு வெளியே சரசு பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். கழுத்துத் தழும்பில் மஞ்சள் பற்றுப் போட்டிருந்தாள். அவர் கம்ப்யூட்டர் பக்கம் நகர்ந்து, பழைய நிலைக்குத் திருப்பு என்பதைத் தட்டினார். திருப்புவது போடுவதைவிட மெதுவாகத்தான் நடக்கும். பச்சைக் கோடு ஊர ஆரம்பித்ததைப் பார்த்துவிட்டு, கடையைச் சாத்திக்கொண்டு, நெல்லிக்கொம்பைக்குக் கிளம்பி நின்ற கடைசி வண்டியில் ஏறினார்.

ஓட்டுநருக்குப் பின்னாலுள்ள இருக்கையில் உட்கார்ந்தார். என்ஜின் மரகதத்தின் அளவில் ஓடிக்கொண்டிருந்தது.

"என்னுங்ணா, அதிசயமா மலைக்கு?" என்றான் வையாபுரி.

"கூட்டிக்கிட்டு வரச் சொல்லியிருந்தா," என்றார்.

வையாபுரி கியரை மாற்றினான். "மரகதம் அண்ணி எல்லா வெள்ளிக்கெழமயும் வந்து உக்காந்திருப்பாங்கண்ணா. அந்த நிறுத்தத்துல மதகுச் சுவர் இருக்குதுல்ல, அதும்மேல. பையி மடியில இருக்கும். வண்டியில யாரெல்லாம் எறங்கறாங்கன்னு பாப்பாங்க, நான் வண்டியத் திருப்புன பொறவு எந்திரிச்சுப் போவாங்க."

"எங்கிட்ட நீ சொல்லலியே, தம்பி."

"சொன்னனே. மூணு நாலு தடவ கடைக்கே வந்து சொன்னனே. நீங்க தலையாட்டுனீங்க." சொல்லிவிட்டு அவனுக்கே என்னவோ பட்டது. "கேக்கலீங்களாண்ணா?"

"கேக்கலப்பா."

ஊர் எல்லைப் பலகையைத் தாண்டும்போது அவர்களுக்குப் பின்னால் சத்தம் எழுந்தது. தறிகள், ஹாரன்கள், கோயில் மணி, பாங்கு, பாட்டுப் பெட்டி, தூளிகளிலிருந்து எழுந்த பிள்ளைகளின் அழுகை, எல்லாம் அதனதன் பழைய அளவுக்கு ஏறி, ஊரே ஒரே நேரத்தில் வாய் திறந்தது. என்ஜினும் உறும ஆரம்பித்தது. வண்டியில் இருந்தவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள், பிறகு சந்தோஷமாகக் கத்திப் பேசத் தொடங்கினார்கள். சென்னியப்பன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் சொன்னது இனி எந்தப் பெட்டியிலும் கேட்காது.

நெல்லிக்கொம்பையில் இறங்கும்போது வெயில் மேட்டுக்கு மேலே மட்டும் மிச்சமிருந்தது. மதகுச் சுவர் அப்படியே இருந்தது, நடுவில் ஓரிடம் உட்கார்ந்து உட்கார்ந்து வழவழவென்று ஆகியிருந்தது. அது எல்லாரும் உட்காருகிற இடமாகவும் இருக்கலாம். அவர் அங்கே உட்காரவில்லை, பக்கத்தில் நின்றார். இறங்கியவர்கள் அவரவர் பாதையில் போய்விட்டார்கள். காற்று புல்லில் போவது கேட்டது, எதிர் மேட்டில் யாரோ விறகு ஒடிப்பது கேட்டது. இந்த ஊரிலிருந்து வந்தவளை எங்கே கொண்டுபோய் வைத்திருந்தோம் என்று அவருக்கு அப்போதுதான் முழுசாக உறைத்தது.

மெதுவாகச் சொல்லத்தான் நினைத்தார். அவள் அளவில், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி. ஆனால் அவருடைய தொண்டை பாளையத்துத் தொண்டை, அது வேறு விதமாகப் பேசிப் பழகவில்லை.

"வந்துட்டேன் மரகதம்" என்றது மலை முழுக்கக் கேட்டது. எதிர் மேட்டில் விறகு ஒடிக்கிற சத்தம் நின்றது. மதகுக்கு அப்பால் ஆடு ஓட்டிப்போன பெண் திரும்பிப் பார்த்தாள். அந்த நேரம்தான் வண்டியைக் கிளப்பிச் சாலையை அடைத்துத் திருப்பத் தொடங்கியிருந்த வையாபுரி, என்ஜின் இரைச்சலில் தன்னிடம்தான் ஏதோ சொல்கிறார் என்று நினைத்து, கண்ணாடி வழியாக அவரைப் பார்த்து மரியாதையாகத் தலையாட்டினான்.